பாதியில் புரிந்தவரும் இரண்டு ஆல்க்-பியும்

பேசுகிறவர் எழுவாயைத் தாண்டிப் பயனிலைக்கு வந்து சேர்வதற்குள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, தலையையும் ஆட்டி, மீதியைத் தானே சொல்லி முடித்துவிடும் ஓர் இனம் உலகில் உண்டு. பாதியில் புரிந்தவர்கள் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் பெர்கன் நகரத்தில் மழைக்கு அடுத்தபடி தாராளமாகக் கிடைப்பது இவர்கள்தான்.

அடையாளம் காண்பது சுலபம். "வயித்துல ஒரு..." என்று ஆரம்பித்துப் பாருங்கள். "வாயுதான். காப்பியைக் குறை" என்று பதில் வரும். ஆபரேஷன் தையலைப் பிரித்துவிட்டார்கள் என்று சொல்ல வந்திருப்பீர்கள். சொல்ல முடிந்ததா? முடியாது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை இவர்களுக்கு. உங்கள் மூச்சை மிச்சப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த இனத்தின் உயர்ந்த ரகம் ஸ்டெய்னார். இருபத்திரண்டு வருடமாக நான் குடுவை கழுவி, பாக்டீரியா வளர்த்து, விஞ்ஞானிகளைச் சமாளித்துவரும் ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை ஆராய்பவர். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. தீவு ஒன்றின் துறைமுகத்தில் டீசல் கசிந்துவிட, அந்தத் துறைமுக அதிகாரி ஓட்வார் இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. அவர் கண்ணெதிரே பாக்டீரியா டீசலைத் தின்று காட்டினால் ஸ்டெய்னாருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கோடையோடு வீட்டுக்குப் போகலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவி கறாராகச் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. ஆல்க்-பி என்ற பெயரில் இரண்டு நொதிகள் இருக்கின்றன. ஒன்று, டி.என்.ஏ.வில் வேண்டாத துணுக்குகள் வந்து ஒட்டிக்கொண்டால் அவற்றைப் பக்குவமாகக் கழற்றிப் பழுதுபார்ப்பது. மற்றது, எண்ணெயைக் கண்டால் முதல் கடி கடிப்பது. அதாவது ஒருவர் கிழிசல் தைக்கும் தையற்காரர், இன்னொருவர் சாப்பாட்டு ராமன். ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் இரண்டு கூட்டத்தார் வைத்த பெயர், ஒரே பெயராகப் போய்விட்டது. தையற்காரரை வைத்திருப்பவள் எதிர் அறை சுன்னிவா. சாப்பாட்டு ராமன் இருப்பது ஸ்டெய்னாரிடம். இருவருக்கும் பொதுவாக ஒரே உறைபெட்டி, அதில் அந்தந்த நொதியுள்ள பாக்டீரியாக் குழாய்கள் அடுக்கிய இரண்டு டப்பா, இரண்டின்மேலும் ஆல்க்-பி.

ஸ்டெய்னார் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் குழாயுமாக மேல்தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். மேல்தட்டு சுன்னிவாவுடையது.

"ஸ்டெய்னார், நீ எடுத்த ஆல்க்-பி..."

"சில்லுனு இருக்கும். தெரியும், தெரியும். மெதுவா உருக விடறேன்."

"அது இல்லப்பா. ரெண்டு ஆல்க்-பி..."

"ஒரு குழாயே போதும், தூர்டிஸ். ரெண்டெல்லாம் வேணாம்."

போய்விட்டார். மீதி வாக்கியத்தை அவர் சாத்திய கதவிடம் சொல்லி முடித்தேன். கதவு பொறுமையாகக் கேட்டது.

எழுதிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? கொடுத்தேன். முதல் வரியைப் படித்தார், "சரி, சரி" என்றார், மடித்துத் தன் பழுப்புச் சீஸ் ரொட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஆறு வருடம் ஒருவரோடு ஒரே கெட்டிலில் காப்பி குடித்த பிறகு அப்படி விட முடிவதில்லை. கீழ்த்தட்டிலிருந்து சரியான குழாயை எடுத்து, மூலையில் இன்னொரு குடுவையில் டீசல் ஊற்றி வளர வைத்தேன்.

"ஸ்டெய்னார், நான் இன்னொரு குடுவையில..."

"காப்பி போட்டு வெச்சிருக்கே. உனக்கு நல்ல மனசு."

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வழக்கப்படி வாஃபிள் பலகாரம் சுடும் வாசனையும் வந்தது. ஓட்வார் வந்தார், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், ஸ்டெய்னார் டீசல் ஊற்றி வைத்துவிட்டு முடிவு முன்பே தெரியும் என்று அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத குடுவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு வாரமாகியும் டீசல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேலே பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கீழேயிருந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. அப்பழுக்கில்லாமல் இருந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. டீசலைத்தான் எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஊத்தினது ஊத்தினபடியே இருக்கே" என்றார் ஓட்வார்.

"இது வந்து... இப்போ இது..." என்றார் ஸ்டெய்னார்.

ஊரார் வாக்கியத்தையெல்லாம் முடித்து வைத்த மனிதருக்குத் தன் வாக்கியம் ஒன்று முடியவில்லை. காது சிவந்துவிட்டது. தலைவி பேனாவைத் திறந்தார்.

அப்போது ஓட்வாரின் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டத்தை எனக்குத் தெரியாதா? அவரும் அதே ஜாதி.

"தெரியும், தெரியும். திங்காததை முதல்ல காட்டிட்டு, திங்கறதை அப்புறம் காட்டுவீங்க. அப்பத்தானே வித்தியாசம் புரியும். எங்க அந்த இன்னொண்ணு?"

மூலைக் குடுவையை நான் நீட்டினேன். டீசல் படலம் போன இடம் தெரியவில்லை. உள்ளே எல்லாம் பால் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. சாப்பாட்டு ராமன் பந்தியை முடித்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். ஓட்வார் இரண்டு குடுவையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஜாம் வழிய ஐந்து வாஃபிள் சாப்பிட்டார். வேலை நிரந்தரமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை ஸ்டெய்னார் என் மேஜைக்கு வந்து நின்றார். தலையிலிருந்து மழை சொட்டியது. கையில் ஓர் உறை.

"தூர்டிஸ், நீ மட்டும் இல்லன்னா நான்... அதனால யோசிச்சுப் பார்த்தேன். இனிமே நாம..."

"தெரியும், தெரியும்" என்றேன். "இனிமே முழுசாக் கேட்டுக்கறேன்னு சொல்லப் போறே. சந்தோஷம். போய் வேலையைப் பாரு."

உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் வெட்கத்தை விட்டுக் கேட்கவில்லை. அந்த உறையில் என்ன இருந்தது, 'இனிமே நாம'வுக்கு அடுத்து அவர் என்ன சொல்லவிருந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது சரி, எனக்கே தெரியாதபோது நீங்கள் எதற்குத் தலையை ஆட்டுகிறீர்கள்?