சக் சாவி எங்கே?

அன்பு மைத்துனருக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். இருவர் கையிலுமாக இருபது விரல்களும் சௌக்கியம். உன் மரப்பட்டறையிலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கக் கூடாதென்று நீ அனுப்பிய கடைசல் மெஷினைப் பின்னறையில் வைத்தேன். மரத்துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கை மாட்டுவது பாட்டில் மூடி திருகுவது போலத்தானே, முப்பத்திரண்டு வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று நினைத்து, திருகு மரையிலிருந்த தூளைத் துடைக்காமல் திருகினேன். சக் கோணலாக உட்கார்ந்து, ‘வேண்டாம், வேண்டாம்’ என்று தலையாட்டியது. கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, சக் சாவியால் மரத்தை இறுக்கி, நிம்மதியாகச் சுவிட்சைப் போட்டேன். இறுக்கிய சாவி சக்கிலேயே இருந்தது. அது என் காதோரம் பறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பதினொன்றே காலில் நிறுத்தியது. உன் அக்காள் ஓடி வந்தாள். "ஒரு சாண் தள்ளி நின்னிருந்தீங்கன்னா நின்னுபோனது கடிகாரமா இருந்திருக்காது. இன்னொரு தடவை ஏதாவது பறந்துச்சு, மெஷின் தம்பி வீட்டுக்கே போயிடும்!" அப்போதுதான் சுவிட்சை அணைத்தேன், மாப்பிள்ளை.

அதோடு விட்டாளா? சாவியைக் குட்டைக் கயிற்றில் மெஷின் பிளக்கோடு கட்டிவிட்டாள். பிளக்கைப் பிடுங்காமல் சாவி சக்குக்கு எட்டாது. இப்போது மரையைத் துடைத்து, சக் முட்டி நிற்கும்வரை திருகி, சாவியால் மரத்தை இறுக்கி, கையாலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, பிளக்கைச் சொருகி, ஒதுங்கி நின்றால், சமையலறையிலிருந்து "சாவி எங்கே?" என்று குரல் வரும். "பிளக்கோட இருக்கு!" என்று நான் சொன்ன பிறகுதான் சுவிட்ச். பதினோரு நாளாக எதுவும் பறக்கவில்லை. ஒரு கிண்ணம்கூடக் கடைந்துவிட்டேன். தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கம்தான் வழிகிறது. வேலையில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மெஷின் இருப்பதா போவதா என்று ஞாயிற்றுக்கிழமை உன் அக்காள் தீர்ப்பு சொல்கிறாளாம். மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் உன் அக்காள் தட்டமாட்டாள்.

உன் வீட்டாரை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி, பத்து விரலோடு நூறு வயது.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே கேட்ட சிபாரிசு வேண்டாம். கையெழுத்துப் போடும்போதே பின்னறையில் மெஷின் சத்தம். ஓடிப் பார்த்தால் உன் அக்காள்! நான் மதியம் தூங்கும்போதெல்லாம் பழகியிருக்கிறாள். என் குறட்டையில் மெஷின் சத்தம் எனக்கே கேட்கவில்லையாம். அவள் கிண்ணத்தில் ஒரு சொட்டு வழியவில்லை. மெஷின் எங்கும் போகாதாம், நான்தான் முறை கேட்டு நிற்க வேண்டுமாம். இப்போது சமையலறையிலிருந்து "சாவி எங்கே?" என்று கத்துவது நான். "பிளக்கோட இருக்கு, நீங்க அடுப்பைப் பாருங்க" என்கிறாள். இன்னொரு மெஷின் கிடைக்குமா, மாப்பிள்ளை?