வேலை போகாத தகப்பன்

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று ஐந்து வருடம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு மண்டபத்தில், அத்தனை சனத்துக்கும் முன்னால் கவிழ்ந்தது.

ஊரில் இருக்கும் மனைவி கௌரிக்கும் மகனுக்கும் நான் லண்டனில் மனேஜர். உண்மையில் அப்டன் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில், சனம் சாப்பிட்ட கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (மனேஜர் என்பவர் முன்பக்கத்தில் நின்று என்னை ஏசுபவர்.) படம் எடுத்து ஊருக்கு அனுப்பவென்றே ஒரு கோட் சூட்டும் வாங்கி வைத்திருந்தேன்.

அந்தக் கோட்டால்தான் வினை வந்தது. சிவா அண்ணை என்று ஒருவர், அமெரிக்காவில் பேர்பெற்ற பழைய குடும்பச் சோக நாடகம் ஒன்றைத் தமிழில் மேடையேற்றினார். வேலை போனதை மறைத்து, தான் பெரிய ஆள் என்று வீட்டில் அளந்துகொண்டே இருக்கும் ஒரு தகப்பன். மூத்த மகன் முகத்துக்கு நேரே உண்மையைப் போட்டு உடைக்க, கடைசியில் தகப்பன் செத்துப்போவான். அந்த வேடத்துக்குக் கோட் உள்ள ஆள் வேண்டுமாம். என்னைப் பிடித்தார். இதற்கு நடிப்பே தேவைப்படாது என்று என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒத்திகைக்கு நான் ஒரு நாளும் பிந்தியதில்லை. கலை ஆர்வம் ஒன்றுமில்லை. அந்த மேடை மேசையில் ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்னோடு இருந்தார்கள். வெறும் கோப்பைதான், சோறில்லை. ஆனாலும் யாரோ "அப்பா" என்று கூப்பிட்டார்கள். முடிந்ததும் அவரவர் தங்கள் உண்மையான வீடுகளுக்குப் போய்விடுவார்கள். நான் பஸ்ஸில் என் அறைக்குப் போவேன். அந்தப் பஸ் பயணம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

நாடகத்தன்று சிவா அண்ணை முன்வரிசையில் போனை ஒரு தாங்கியில் பூட்டி, ஊர்ச் சனமும் பார்க்கட்டும் என்று லைவ் விட்டார். கௌரி, மகன், மாமனார், பக்கத்து வீட்டார் எல்லாரும் எங்கள் ஊர் வீட்டு விறாந்தையில் கூடியிருப்பதாகச் செய்தி வந்தது.

உச்சக்கட்டம். மேடை மகன் என் கோட்டைப் பிடித்தான்.

"உங்களுக்கு வேலையே இல்லை அப்பா. ஏன் எங்களை ஏமாத்துறியள்?"

நான் உடைந்து அழ வேண்டும். என் கண்ணுக்கு அந்தப் போன் மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்து, "ஆர் சொன்னது? எனக்கு நேற்றுத்தான் புரமோஷன் கிடைச்சது" என்றேன்.

அத்தோடு விட்டேனா? தனி அறை, கம்பெனிக் கார் என்று அடுக்கினேன். அழத் தயாராக நின்ற மேடை மனைவி செய்வதறியாது கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தகப்பன் சாக மறுத்ததால் நாடகம் முடிய வழியில்லை. சிவா அண்ணை திரையை இழுத்து மூடினார். அதன்பிறகு என்னோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

மண்டப வாசலில் நிற்கும்போது ஊரிலிருந்து கௌரி போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பெடியன் கேட்டதுக்கு ஏன் அப்பிடிப் பயந்தனீங்கள்?"

நடிப்பு என்றேன். "உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

"நான் இஞ்ச கோப்பை கழுவுறன், கௌரி."

அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "வீட்டில ஒரு நாளாவது ஒரு கோப்பை கழுவியிருப்பியளோ?"

கௌரிக்கும் மகனுக்கும் லண்டன் வர இன்னும் விசா கிடைக்கவில்லை. மகன் போன் எடுத்தால் முதல் கேள்வி, "மனேஜர், இண்டைக்கு எத்தினை கோப்பை?" என்பதுதான். பின்னால் கௌரி சிரிப்பது கேட்கும். நான் சரியான எண்ணிக்கையைச் சொல்வேன். அறையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டுக் கழுவும் என்னுடைய ஒன்றையும் சேர்த்துத்தான்.