குப்பைப் பெட்டியில் இறங்கிய ஆவிகள்

வணக்கம். எல்லாரும் சௌக்கியம்தானே? முழங்கால் வலியெல்லாம் தேவலையா? காலை நீட்டி உட்கார்ந்து இதைக் கேளுங்கள்.

ஒரு வாடகை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் மெயில் ஐயா. செத்தவர்களிடமிருந்து மின்னஞ்சல் வரவழைப்பவர். அந்தக் காலத்து ஆவி மேசையைத் தட்டியது. இந்தக் காலத்து ஆவி டைப்பிங் பழகிவிட்டது.

அவர் மணியடித்தால் எல்லாரும் போனில் ஸ்பாம் என்ற குப்பை மெயில் பெட்டியைத் திறக்க வேண்டும். அதுதான் அங்கே வழிபாடு.

முன்வரிசையில் தையல்காரி. கணவர் போய் எட்டு மாதம். அவர் முகவரியிலிருந்தே அஞ்சல் வந்திருந்தது: ‘அன்புள்ள மனைவியே, கடையை ஐயா பேருக்கு எழுதிக் கொடு.’ அவளுக்குச் சோறு போடும் ஒரே கடை. அதன் பத்திரம் இப்போது அவள் மடியில்.

பக்கத்தில் நாத்தனார், ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள்.

“ஏன் அண்ணி, நல்ல மெயில் எதுக்கு ஸ்பாமுக்குள்ள போகுது?”

“ஆவியெல்லாம் முதல்ல அங்கதான் இறங்குமாம். ஐயா சொன்னாரு.”

“அனுப்பினது இவர்தானான்னு உறுதி செய்ய முடியலன்னு மேலயே போட்டிருக்கே.”

“செத்தவரை மெஷின் எப்படிடி உறுதி செய்யும்?”

“அண்ணன் ஒருநாளாவது உங்களை ‘அன்புள்ள’ன்னு கூப்பிட்டிருக்காரா?”

தையல்காரி யோசித்தாள். “செத்தப்புறம் திருந்தியிருக்கலாம்ல.”

நாத்தனார் மேற்கொண்டு வாதாடவில்லை. ஐயாவின் அழைப்பு மெயிலில் அத்தனை பேர் முகவரியும் இருந்தது. லேப்டாப்பைத் திறந்து தட்டினாள்.

ஐயா பேனா மூடியைக் கழற்றினார். தையல்காரி எழுந்தாள். மணி அடித்தது. எல்லாரும் ஸ்பாமைத் திறந்தார்கள். ஐயாவின் முகவரியிலிருந்தே ஒரு மெயில் வந்திருந்தது: ‘நான் ஒரு புளுகன். பத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.’

ஐயாவுக்கு முகம் வெளிறியது. “இதை நான் அனுப்பல. மேல எவன் பேரை வேணும்னாலும் போடலாம். ரொம்ப சுலபம்.”

எல்லாத் தலையும் போனிலிருந்து மேடைப் பக்கம் திரும்பியது.

“அவ்வளவு சுலபமா ஐயா?” என்றாள் தையல்காரி, மெதுவாக. “அப்போ எங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டது யாரு?”

“கவர்ல அனுப்புநர்னு யார் பேரையும் எழுதலாம் அண்ணி,” என்றாள் நாத்தனார். “தபால் முத்திரையைத்தான் பார்க்கணும். மெயிலுக்கும் அது உள்ள இருக்கு. அண்ணன் மெயில் கிளம்பின இடமும் ஐயாவோட அழைப்பு கிளம்பின இடமும் ஒண்ணுதான். பாருங்க.”

போன் கை மாறி மாறிப் போனது. ஐயா பின்வாசலைத் தேடினார். வழிகாட்ட ஓர் ஆவியும் வரவில்லை. தையல்காரி பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மெஷினுக்கு வந்த சந்தேகம்கூட மனுஷனுக்கு வராவிட்டால், கழுத்துக்கு மேலே எதற்கு இவ்வளவு பாரம்?

உங்களுக்கும் மேலோகத்திலிருந்து ஏதாவது வந்ததா? எழுதி அனுப்புங்கள். அனுப்பியது நீங்கள்தானா என்று பார்த்துவிட்டுத்தான் படிப்பேன்.