கரடி மார்க் கொங்காணி

பதுளைப் பட்டணத்தில் வியாபாரக் குறிகளின், அதாவது மார்க்குகளின், கற்பைக் காப்பதற்கென்றே துரைத்தனத்து அதிகாரி ஒருவர் இருந்தார். குறிகள் எல்லாம் ஒழுக்கமாக இருந்தபடியால் அவருக்கு வேலை இல்லை. அந்தக் குறையைப் பயாஸ்கோப் ஹாஷிம் தீர்த்துவைத்தார்.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மழையில் கொழுந்து பறிப்பவர்களை ஹாஷிம் படம் பிடித்திருந்தார். சந்தைத் திடலில் கூடாரம் போட்டு அதைக் காட்டப்போவதாகத் தமுக்கும் அடித்தாயிற்று. படத்தில் அந்தத் தோட்டத்து இராக்கம்மாவின் மகள் ரெங்கம்மா இருந்தாள். படம் பிடித்த மறுமாதமே காய்ச்சலில் போய்விட்டவள். மகளை இன்னொரு தரம் பார்க்க இராக்கம்மா மலையிலிருந்து நடந்தே வந்துவிட்டாள்.

சனங்களுக்குக் காட்டுவதற்கு முன் அதிகாரி படத்தைப் பார்த்தார்.

"நிறுத்தும்! அந்தப் பெண்ணின் தலையில் கரடி இருக்கிறது."

"கரடி மார்க் அரிசிச் சாக்குங்க ஐயா. மழைக்குக் கொங்காணியா மடிச்சுத் தலையில கவுத்திருக்கு" என்றார் ஹாஷிம்.

"பதிவான குறி. உரிமையாளர் அனுமதியின்றிக் கரடி பொதுமக்கள் முன் தோன்றலாகாது."

"தோட்டத்து லயத்து வீடுகள்ல நித்தமும் தோன்றுதுங்களே?"

"அங்கே பொதுமக்கள் ஏது? கூலிகள்தானே."

ஆகவே கரடிக்கு மட்டும் மை பூசும்படி உத்தரவாயிற்று. பிலிமில் கரடி கடுகளவு. அலுவலகத்தில் இருந்ததிலேயே மெல்லிய தூரிகையோ மைல்கல்லில் எண் எழுதுவது. கரடி மறைந்தது. அதன் கீழிருந்த முகமும் மறைந்தது. மற்றவர்கள் தலையிலும் அதே சாக்குதான்; அவர்களும் மறைந்தார்கள். குடையில் ஒரு மார்க் இருந்த பாவத்துக்காகக் கங்காணியும் இருளில் போனார்.

"சாக்குதானுங்க அவுகளுது. மூஞ்சி எம் புள்ளையோடதுங்களே" என்றாள் இராக்கம்மா.

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "முகம் பதிவு செய்யப்பட்டதா?"

"இல்லைங்க."

"பின்னே அதற்கு என்ன பாதுகாப்புக் கேட்கிறாய்?"

படம் ஓடியது. கறுப்புத் திட்டுகள் வரிசையாக நின்று கொழுந்து பறித்தன. கடைசியில் தோட்டத்துத் துரையின் நாய் வந்தது. அதன் கழுத்துப் பட்டையிலும் எழுத்து உண்டு. ஆனால் துரை வீட்டு எழுத்துக்கு அனுமதி இருப்பதாகவே கொள்வது அலுவலக வழக்கம். மூக்கிலிருந்து வால் வரை நாய் தெளிவாகத் தெரிந்தது. கூடாரமே கைதட்டியது.

நாய்க்குப் பின்னால் இரண்டு வெறுங்கால்கள் நின்றன. இராக்கம்மா எழுந்து போய்த் திரையைத் தொட்டாள்.

"எம் புள்ள காலு... அந்த மடங்குன சுண்டுவிரலு..."

பதுளையின் பொதுமக்களாகிய நாங்கள் பொறுக்க முடியாமல் கத்தினோம்:

"ஏய், உட்காரு! நாயை மறைக்கிறே!"