எழுந்து வராத நடத்துநர்

தம் சோம்பலுக்கு இயற்பியலிலிருந்து சான்று காட்டிய நடத்துநர் இவ்வுலகில் ஒருவரே இருந்திருக்க முடியும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஓடிய பேருந்தில் அவர் இருந்தார். பெற்றோர் இட்ட பெயரை அப்பேருந்தில் எவரும் அறியார். கல்லூரி மாணவர் சூட்டிய பெயர் 'பச்சையம்'. அதற்குத்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்.

ஆவடியில் தம் இருக்கையில் அமர்ந்தாரென்றால் பூந்தமல்லியில்தான் எழுவார். முன்வாயிலில் ஏறியவர் நீட்டும் பணம் கைமாறிக் கைமாறி அவரை அடையும். பயணச்சீட்டு அவ்வழியே திரும்பிச் செல்லும். இந்நகரப் பேருந்துகளுக்கெல்லாம் பொதுவான வழக்கந்தான். பச்சையம் அதனைக் கோட்பாடாக்கினார்.

"யோவ் கண்டக்டரு, எழுந்து வந்து குடுத்தா தேஞ்சா பூடுவே?" என்று பருத்திப்பட்டில் ஏறிய மீன்கூடை அம்மையார் ஒருவர் முழங்கினார்.

"எக்கா, இலை மேல வெயிலு வுழுது. வாங்கின பச்சையம் இன்னா எழுந்து நடந்து போயா குடுக்குது? பக்கத்துல கீறவன் கிட்ட தள்ளி வுடுது. அவன் அடுத்தவன் கிட்ட தள்றான். எவனும் எடத்த வுட்டு நவுரல. சரக்கு மட்டும் போய் சேந்துடுது. அத்த புடிச்சி வேலைக்கு மாத்துற எடம் ஒண்ணு கீது. இந்த வண்டில அது நானு!"

"இன்னாத்தையோ சொல்லு. சீட்ட மொதல்ல குடு, எறங்கணும்."

நாள்தோறும் அவ்வண்டியில் சென்ற ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, நெரிசலில் வண்டி நின்றபோதெல்லாம் அவருக்கு இவற்றை விளக்கியிருக்கிறாள். அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். பித்து இவரிடம் தங்கிவிட்டது. தோற்பையில் எப்போதும் ஓர் அந்துருண்டை இருக்கும். "இதுக்குள்ள மூலக்கூறுங்கல்லாம் ஆவடி கேம்ப்பு பரேடு கணக்கா லைன் கட்டி நிக்குதுங்க சார். நடுவுல வேத்தாளு ஒருத்தன் பூந்துட்டான்னு வையி, சுத்தி கீறவன் வெளிச்சத்தையெல்லாம் அவனே வாங்கிகினு தன் கலர்ல மின்னுவான்" என்பார். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கைப்பேசியில் மூழ்கிய பயணி எவரையும் அவர் மன்னித்ததில்லை. "தம்பி, கையில வெச்சிகினே இருந்தா சூடாகி வீணா பூடும், தள்ளு!"

ஒருநாள் முன்வாயிலில் தாயுடன் ஏறிய கைக்குழந்தை ஒன்று, பல கைகள் மாறிப் பின்னிருக்கையிலிருந்த தந்தையிடம் அழாமல் போய்ச் சேர்ந்தது. களிப்பு மிகுந்த பச்சையம் ஓங்கி விசில் ஊதினார். நிறுத்தம் என்று கருதிய ஓட்டுநர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டார். இறங்க எவருமில்லை. "இன்னா மாமே, மீன் புடிக்கவா நிறுத்தச் சொன்னே?" என்று ஓட்டுநர் கேட்டது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

சிரித்தது போதும். இனி என் கதை.

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியன். குமணன்சாவடியில் ஓர் அறிவியல் தமிழ் மன்றத்தார், ஒளிச்சேர்க்கையில் கிளர்வாற்றல், அதாவது இலை வாங்கிய ஒளியின் ஆற்றல், இடம்பெயரும் வகைபற்றி நற்றமிழில் உரையாற்ற என்னை அழைத்தனர். கலைச்சொற்கள் என்னிடம் நாற்பது இருந்தன. பொருள்தான் இல்லை. ஆகவே பச்சையத்தின் அருகிருக்கையில் ஒரு கிழமை பயணம் செய்தேன்.

"நாப்பது ஸ்டாப்பிங்கு வெச்சிகினு கீறீங்க சார், வண்டிதான் இல்ல" என்று சிரித்துவிட்டு, இலையையும் பேருந்தையும் ஒருங்கே வைத்து எனக்குப் புரியும்வரை சொல்லித்தந்தார். கைம்மாறாக ஒன்றே கேட்டார்.

"மேடைல எம்பேர ஒரு தபா சொல்லுங்க சார். ஊட்ல என்னிய லூசுன்றா. இட்டாந்து குந்த வெக்கிறேன். உங்கள மாதிரி படிச்சவங்க வாயால கேட்டா நம்புவா."

"உறுதியாகச் சொல்வேன்" என்றேன்.

அன்று அவ்வுவமையை நான் விரித்தபோது அரங்கு அதிர்ந்தது. நான்காம் வரிசையில் மஞ்சள் பட்டுடுத்திய ஓர் அம்மையாரும், அருகே தேய்த்த காக்கிச் சட்டையில் பச்சையமும் இருந்தனர். அடுத்து வரவேண்டிய சொல் 'பச்சையம்' என்னும் அவர் பெயர். அந்நேரம் முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் வியந்து, "இவ்வுவமை தங்களுக்கு எங்ஙனம் தோன்றியது, ஐயா?" என்று வினவினார்.

ஒரு நடத்துநர் எனக்குக் கற்பித்தார் என்பது சிறிய தொடர்தான். முன்வரிசையின் முகங்களைப் பார்த்தேன்.

"நெடுநாட் சிந்தனையின் விளைவு" என்றேன்.

மீண்டும் கைதட்டல். பச்சையமும் தட்டினார்.

வாயிலில் இருவரும் எதிர்ப்பட்டனர். அம்மையார் என்னைக் கும்பிட்டார். "இந்தாளும் ஊட்ல பொழுதுக்கும் இதையேதான் சார் பொலம்பிகினு கீறாரு. உங்ககிட்டதான் கத்துகினாரா?"

நான் வாய் திறக்குமுன் பச்சையம் முந்திக்கொண்டார். "ஆமாம்மே. சாருதான் சொல்லிக் குடுத்தாரு. நம்ம வண்டிலதான வர்றாரு."

"அதான பாத்தேன். நீயா எங்க இதெல்லாம் யோசிக்கப் போறே!"

பச்சையம் சிரித்தார். நான் என் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

அதன்பின் அப்பேருந்தைத் தவிர்த்துப் பகிர்வுத் தானியில், அதாவது ஷேர் ஆட்டோவில், சென்று வந்தேன். ஆறு திங்கள் கழித்துத் துணிவு பெற்று ஏறியபோது அவ்விருக்கையில் வேறொருவர் இருந்தார். பச்சையம் ஓய்வுபெற்றுவிட்டாராம். அவருடைய இயற்பெயரும் இல்லமும் புதிதாக வந்த இவரும் அறியார். இயற்பெயரைக் கேட்டு வைக்காத நான் யாரிடம் விசாரிப்பேன்?

மஞ்சள் பட்டுடுத்தி வந்த அம்மையே, இவ்விதழ் தங்கள் கைக்கு வருமாயின் அறிக: இலையையும் பேருந்தையும் ஒன்றாகக் கண்டவர் தங்கள் கணவர். நான் அவரிடம் கேட்டுச் சொன்னவன்; கேட்டேன் என்பதைச் சொல்லாதவன். அவர் உண்ண அமர்கையில் இதனைப் படித்துக் காட்டுங்கள். "வுடும்மே, சாரு நல்லவரு" என்பார்.

அந்த ஒன்றில் மட்டும் அவரை நம்பாதீர்கள்.