மேல் கதவும் கீழ்க் கதவும்

"குறை மட்டும்தான் சொல்லோணும். விளங்குதே?" என்று மனைவி றஜிதா தொலைபேசியில் கேட்டபோது, மயூரதன் அம்பிட்டிய மேல் றோட்டில் மூடுபனிக்குள் நின்று வீட்டு வாசல் கேட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"விளங்குது, றஜி."

"நல்லா இருக்கு எண்ட சொல்லே வாயில வரக்கூடாது. கட்டுகஸ்தோட்டையில என்ன நடந்ததெண்டு ஞாபகம் இருக்கோ?"

மறக்கக்கூடியதா அது? வீடு வாங்கப் பார்க்கப் போன இடத்தில், வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "அடடா, என்ன வெளிச்சம், என்ன காத்து!" என்று மயூரதன் உருகிவிட்டான். அதுவரை தன் வீட்டுக்குள் காற்று வருவதே தெரியாமலிருந்த மனுசன், மறுநாளே விலையை ஏற்றிவிட்டார். பேராதனையில் கதை இன்னும் மோசம். இவன் குளியலறையைப் புகழ்ந்த புகழ்ச்சியில் வீட்டுக்கார அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட வீட்டையா விற்பது என்று கேட்டு, விற்பதையே நிறுத்திவிட்டார். வேலை பார்க்கும் கந்தோரில் யாரையும் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத ஆளுக்கு, வீட்டைக் கண்டால் மட்டும் நாக்கு அடங்காது. என்ன பிறவியோ!

இந்த முறை தவறவிட வழியில்லை. இப்போது இருக்கும் வாடகை வீட்டின் சொந்தக்காரருடைய மகன் கல்யாணம் முடித்து வருகிறான். மாத முடிவில் வெளியேற வேண்டும். கண்டி நகரத்துக்குள் விலை கேட்டால் தலை சுற்றியது. அம்பிட்டிய என்றால் கந்தோரில் எல்லோரும் சிரித்தார்கள். "அங்க ஏறி இறங்கியே முழங்கால் தேஞ்சு போகும், ஐசே!" அப்படி எல்லோரும் சிரித்ததால்தான் அங்கே விலை இவன் கைக்கு எட்டியது.

"இதையும் வாயால கெடுத்தீங்களெண்டால், நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டை போயிடுவன்," என்று றஜிதா சொல்லியிருந்தாள். ஆசுபத்திரியில் தாதி, சொன்னால் சொன்னதுதான். இன்று விடுமுறை கிடைக்காததால்தான் இவனைத் தனியாக அனுப்பத் துணிந்தாள்.

புரோக்கர் ஷப்ராஸ் வழி சொல்லியிருந்தான். வளைவு தாண்டி இரண்டாவது கேட்; கதவு திறந்திருக்கும்; வீட்டுக்காரர் உள்ளே இருப்பார்; நீங்கள் போங்கள், நான் பின்னால் வருகிறேன். அந்தப் பனிக்குள் முதலாவது கேட்டை மயூரதன் ஊகித்துத்தான் எண்ணினான்.

கதவு திறந்துதான் இருந்தது. மலைச்சரிவில் கட்டிய வீடு. மேல் றோட்டால் நுழைந்தால் நேரே மேல்மாடி. உள்ளே படியிறங்கினால் குசினி.

"ஆர் வீட்டில?" என்று குரல் கொடுத்தபடி இறங்கினான்.

குசினியில் நடுத்தர வயது மனிதர் ஒருவர் சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் கேத்தல் கொதித்து மூடி குதித்தது. அவர் போய் அடுப்பை அணைத்தார். சந்தேகமே இல்லை, வீட்டுக்காரர்தான். ஊரார் வீட்டு அடுப்பை வேறு யார் அணைப்பார்கள்?

"வணக்கம். வீட்டு விசயமா..."

"வாங்க வாங்க, ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். நான் அழகையா."

மயூரதன் வீண் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. "இந்தச் சுவரில ஈரம் போல கிடக்கு."

அழகையாவின் முகம் மலர்ந்தது. "நீங்களே சொல்லிட்டீங்க! சரியான ஈரம்ங்க. உள்ளுக்குள்ள ஊறிப் போய்க் கெடக்கு."

மயூரதன் திகைத்தான். "படியும் செங்குத்தா இருக்கு."

"கழுத்து ஒடிஞ்சிரும்ங்க!"

"வெயிலும் வராது."

"எங்க வரப்போகுது? கூரையும் ஒழுகும் போல."

ஒழுகும் போலவா? விற்கிற மனிதர் தன் வீட்டைத் தானே இப்படித் தூற்றுவாரா? மயூரதன் மேலே ஓடிப்போய் றஜிதாவை அழைத்தான்.

"றஜி, அந்தாள் என்னைவிடக் கூடக் குறை சொல்லுது!"

"பாத்தீங்களே! வேற ஆரோ கூட விலைக்குக் கேட்டிருக்கினம். உங்களைக் கலைக்கப் பாக்கிறார். போய் நல்லாப் புகழுங்கோ."

"இப்பதானே புகழ வேண்டாமெண்டனீர்?"

"அது அப்ப. இது இப்ப."

அனுமதி கிடைத்த பிறகு கேட்கவேண்டுமா? அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரிப் படியிறங்கி வந்தான். "பனி விலகினால் ஹந்தானை மலை அப்பிடியே யன்னலுக்குள்ள வந்து நிக்கும்! ஈரமோ? சீச்சீ, அது குளிர்ச்சி! படியெண்டால் இதல்லோ படி!"

அழகையாவின் முகம் சுருங்கிவிட்டது. "இப்பத்தானேங்க ஈரம்னீங்க?"

"அது அப்ப," என்றான் மயூரதன்.

அவரும் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின் கதவுப் பக்கம் போய், யாரிடமோ கிசுகிசுத்துவிட்டுத் திரும்பினார். "சரிங்க, சுத்தி வளைக்க வேணாம். கடைசியா என்ன வெல?"

"அதை நீங்களல்லோ சொல்லோணும்?"

"நான் எப்பிடிங்க சொல்றது? நீங்க சொல்லுங்க."

"இல்லையில்லை, நீங்கள்தான்."

"பெரிய மனசு பண்ணி நீங்களே சொல்லிருங்க."

மயூரதனுக்கு மண்டை காய்ந்தது. இப்படி வெட்கப்படும் வீட்டுக்காரரை அவன் கண்டதில்லை. தொண்டையும் வறண்டுவிட்டது. இரண்டு பேருடைய கண்களும் கேத்தலில் விழுந்தன. அழகையா தேயிலையைத் தேடிப் பிடித்தார்; மயூரதன் கோப்பைகளைக் கழுவினான். சீனியைத்தான் காணோம். சுவர்த் தட்டிலிருந்த டின்களையெல்லாம் இருவரும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். பருப்பு, மல்லி, கருவாடு.

"சீனிய எங்கங்க வச்சிருக்கீங்க?" என்றார் அழகையா.

"எனக்கெப்பிடித் தெரியும்? உங்கட வீடு."

"எங்க வீடா? இது ஒங்க வீடுங்க!"

"ஐயோ, நான் வீடு பாக்க வந்தனான்!"

"நானும் அதுக்குத்தாங்க வந்தேன்! ஷப்ராஸ் சொன்னபடி இந்தப் பனியில கீழ் ரோட்டு பொதுப் படியில ஏறி வந்தேன். பின் கதவு தொறந்து கெடந்துச்சு."

இரண்டு பேரும் ஷப்ராஸை மாறி மாறி அழைத்தார்கள். அவன் எடுக்கவில்லை. பிறகு, யார் முதலில் வந்தது என்பதில் பிடுங்குப்பாடு தொடங்கியது. வெட்கமில்லாமல் கத்தினார்கள். கடைசியில் அழகையா சோர்ந்துபோய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"நான் ஹந்தானைத் தோட்டத்துல, ஒரே வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்துல பொறந்தவன்ங்க. பக்கத்துக் காம்பராவுல இருமுனா எங்களுக்குத் தூக்கம் போயிரும். அந்த மாதிரிச் சத்தம் கேக்காத செவுரு ஒண்ணு வேணும்னுதான் தட்டித் தட்டிப் பாத்தேன்."

மயூரதனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. றஜிதாவின் முகமும் கண்முன் வந்தது. விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, பிடித்து வைக்கவும் மனமில்லை. திடீரென்று தொடையில் தட்டினான்.

"அண்ணை! ரெண்டு றோட்டு, ரெண்டு கதவு. மேல நாங்கள், கீழ நீங்கள். ரெண்டு பேருமாச் சேந்து வாங்குவம்!"

அழகையா எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார். தொலைபேசியில் றஜிதாவும் அழகையாவின் மனைவி கலாராணியும் குசினி யாருக்கு என்று முதலில் முறுகினார்கள். பிறகு மேலே புதிதாக ஒன்று கட்டலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அதன்பிறகு இவர்களை மறந்து கோழி வளர்ப்பது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். "முதல் தடவையா ஒரு வீட்டை வாயால கெடுக்கேல்லை," என்று றஜிதா மெச்சியபோது மயூரதனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

சந்தோசத்தில் கை சும்மா இருக்கவில்லை. படிக்கும் கீழ் வீட்டுக்கும் இடையில் சுவர் எங்கே வரும் என்று பார்ப்பதற்காக அலுமாரியைத் தூக்கி நடுவில் வைத்தார்கள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தினார்கள். சாமிப் படங்களைக் கழற்றிக் கதிரையில் அடுக்கினார்கள்.

அப்போது மேல் கதவால் ஒரு பெண் படியிறங்கி வந்தாள். பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"வீடு பாக்க வந்தனீங்களோ?" மயூரதன் அனுதாபத்தோடு கேட்டான். "குறை நினைக்காதேங்கோ, தங்கச்சி. பிந்திப்போனீங்கள். நாங்கள் ரெண்டு பேரும் எடுத்திட்டம்."

"வந்ததுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார் அழகையா. "சீனிதான் இல்ல."

அவள் அலுமாரியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், மூடி திறந்து கிடந்த டின்களைப் பார்த்தாள்.

"இது எங்க வீடுங்க," என்றாள். "விக்கிற வீடு அடுத்த வீடு, இப்பத்தான் வேற ஒருத்தரு அத வாங்க எழுதிக் குடுத்தாரு, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்."