ஜடை ஏறாத ஸ்வெட்டர்

உத்திரமேரூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு, தங்கை கோமளவல்லி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தென்னேரியில் நீங்களும் அண்ணியும் சுகமா, ஏரியில் தண்ணீர் நிற்கிறதா, அண்ணியின் முழங்கால் வலி தேவலையா என்றெல்லாம் கேட்டதாக வைத்துக்கொள்ளவும். இங்கே நான் சுகமில்லை. உங்கள் மச்சான் ரொம்ப சுகம். போனில் சொல்லலாம்தான், ஆனால் மனுஷர் தறியில் உட்கார்ந்துகொண்டு நான் பேசுவதையெல்லாம் கேட்கிறார். உங்கள் நண்பர் என்று சொல்லி இவரை எனக்குக் கட்டிவைத்தவர் நீங்கள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து ஒரு நியாயம் சொல்லிவிட்டுப் போக வேண்டியவரும் நீங்கள்தான்.

கோத்தகிரியில் நம் பெண் இளமதியின் குழந்தை எழிலுக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். இளமதிக்குக் கல்யாணப் புடவை இவர் நெய்தது. சீமந்தப் புடவை இவர் நெய்தது. எழிலுக்குப் பட்டுப்பாவாடையும் இவர் தறியில்தான் இருக்கிறது. பார்க்கிறவர்களெல்லாம் "துரைராஜ் கையே கை" என்கிறார்கள். கூடவே உட்கார்ந்து இத்தனை வருஷம் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்தவள் கையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? பேத்திக்கு ஒரே ஒரு துணி என் கையால் போகட்டும், அந்தக் குளிரில் அதைத்தான் அது போட்டுக்கொள்ளட்டும் என்று ஆசைப்பட்டேன். இது தப்பா, நீங்களே சொல்லுங்கள்.

சும்மா ஸ்வெட்டர் என்றால் கடையிலேயே கிடைக்கிறது. நான் கேபிள் வைத்துப் பின்ன ஆரம்பித்தேன். கேபிள் என்பது ஸ்வெட்டரின் நடுவில் ஜடை போல முறுக்கிக்கொண்டு மேலே ஏறும் டிசைன். மூன்று கண்ணியைத் தனி ஊசியில் எடுத்து முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, அப்புறம் தொங்குகிறதைப் பின்னவேண்டும். குறுக்கே மாறினால்தான் முறுக்கு விழும். யூடியூபில் ஒரு அம்மாள் இந்தியில் சொல்லிக்கொடுத்தாள், நான் அவள் விரலைப் பார்த்துக் கற்றேன். தனி ஊசி கிடைக்காமல் துடைப்பத்தில் ஒரு குச்சி உருவிக்கொண்டேன். இந்த வெயிலில் மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேர்வை ஆறாக ஓடுகிறது. எதிர்வீட்டு ஹேமாவதி தினமும் வந்து, "இன்னாக்கா, நம்மூர்ல பனி கொட்டப்போவுதா?" என்று கேட்டுவிட்டு டீயையும் குடித்துவிட்டுப் போகிறாள்.

கஷ்டப்பட்டு முறுக்குப் போட்டேன் அண்ணா. போட்டதும் எனக்கு மூச்சு வாங்கும், அந்த வரிசையோடு வைத்துவிட்டுக் கடைக்கோ கோவிலுக்கோ போவேன். திரும்பி வந்து மேலே பின்னிப் பார்த்தால் முறுக்கைக் காணோம். பாய் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. மறுநாளும் அப்படியே. அவிழ்த்தேன், பின்னினேன், அவிழ்த்தேன். நூல் விற்ற கடைக்காரனைப் போனில் கூப்பிட்டு ஏமாற்றுக்காரன் என்று திட்டினேன். யூடியூப் அம்மாளின் வீடியோவுக்குக் கீழே தமிழிலேயே நாலு வார்த்தை எழுதினேன். சம்பந்தி மலர்க்கொடி வீடியோ காலில் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, "பிளெய்னா இருந்தா என்னங்க, குழந்தைக்கு என்ன தெரியப்போகுது" என்று ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலை நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது. எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது, கண் போய்விட்டது என்று தனியாக உட்கார்ந்து அழுதேன்.

நேற்று ரேஷன் கடைக்குக் கிளம்பிப் பாதி வழியில் கார்டை மறந்தது தெரிந்து திரும்பினேன். இவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, என் ஊசியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக உருவி, இடம் மாற்றிக் கோத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க?"

"ஒண்ணுமில்ல கோமளா. இழை ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு கீது. தறியில பாவு இழை மாறினா பொடவையே போச்சு இல்ல? நீயும் தினம் இதே தப்பைத்தான் பண்ற. சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு நானே சத்தமில்லாம நேராக்கி வெச்சுடறேன்."

தினமாம் அண்ணா! நான் அழுதபோது முதுகைத் தடவி, "வுடு, பழகப் பழக வரும்" என்று சொன்னவர் இவர்தான். அடுத்தவர் வேலையில், அவர் இல்லாத நேரம் பார்த்துக் கைவைக்கிறவரை என்னவென்று சொல்வது? நல்ல எண்ணத்தில் செய்தாராம். அந்த நல்ல எண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் தறியிலேயே வைத்துக்கொள்ளட்டும். இதற்கு மன்னிப்பே கிடையாது. நீங்கள் வந்து அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல வேண்டும். நண்பர் என்று பார்க்கக் கூடாது.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். கொல்லைக் கறிவேப்பிலை கொஞ்சம் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள தங்கை,
கோமளவல்லி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். குறுக்கே போவதுதான் டிசைன் என்று இவருக்கு விளக்கினேன். "அப்டியா, குடு பாப்பம்" என்று வாங்கினார். ஒரு ஜாண் பின்னிவிட்டார். முறுக்கென்றால் அப்படியொரு முறுக்கு, ஒரு பிசிறு இல்லை. ஹேமாவதி பார்த்துவிட்டு, "மாமா கையே கை" என்றாள். "நீ கஷ்டப்படாத, மீதியும் நானே முடிச்சுடறேன்" என்கிறார். அப்புறம் இதுவும் இவர் கையால் போன துணியாகிவிடும். திருப்புலிவனம் கோவிலுக்கு அவர் போனார். கடைசியாகப் போட்ட முறுக்கை நான் நேராக்கி வைத்துவிட்டேன். வந்து பின்னிப் பார்த்தார், அவிழ்த்தார், பின்னினார். நான் மறுபடியும் நேராக்கினேன். "இது நமக்கு வராது கோமளா, நீயே போடு" என்று சற்றுமுன் ஊசியைக் கொடுத்துவிட்டார். நானும் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் அண்ணா. வந்தால் அவருக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டியிருக்கும்.